சொலெக்ஸா: கேம்பிரிட்ஜில் முளைத்து சான் டியேகோவுக்குக் கைமாறிய கம்பெனி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர் சங்கர் பாலசுப்பிரமணியனுக்கு ஒரு விருது கிடைக்கும்போதெல்லாம் ‘சென்னையில் பிறந்த விஞ்ஞானி’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. பெரும்பாலும் அந்த வரியோடு செய்தியும் முடிந்துவிடுகிறது. அவர் தொடங்கிய கம்பெனி எப்படி வளர்ந்தது, ஏன் விற்கப்பட்டது, விற்றது சரியா என்று கேட்பவர்களுக்காக இது.

சொலெக்ஸா என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லையே. அது என்ன கம்பெனி?

1998-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கி, 2007 ஜனவரியில் அமெரிக்காவின் இல்லுமினாவோடு கலந்துபோன உயிரித் தொழில்நுட்ப நிறுவனம். டிஎன்ஏவில் எழுத்துகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று படிக்கும் கருவியைச் செய்தது. தனிக் கம்பெனியாக அது இருந்தது ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவு. அதிலும் விற்பதற்குச் சொந்தமாக ஒரு கருவி கைக்கு வந்தது 2006-இல்தான். ஆனால் இன்று உலகில் படிக்கப்படும் டிஎன்ஏவில் பெரும்பகுதியைப் படிப்பவை அந்தக் கருவியின் வாரிசுகளே.

பப்பில் பீர் குடித்துக்கொண்டே கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு அருகே பாண்டன் ஆர்ம்ஸ் என்று ஒரு பப் இருக்கிறது. 1997 கோடையில் சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் ஆய்வகத்து இளையவர்களோடு அங்கே உட்கார்ந்து பேசியதிலிருந்துதான் யோசனை உருவானது. இதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் டிஎன்ஏ படிக்கும் கருவி செய்யலாம் என்று போய் உட்காரவில்லை. சங்கர் வேதியியலாளர். கிளெனர்மன் லேசர் ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளை ஆராய்பவர். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் பிபி எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் ஏழாண்டு வேலை பார்த்தவர். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதி வேலை செய்வதை, ஒற்றை மூலக்கூறு அளவில், ஒளிரும் சாயம் ஒட்டிய எழுத்துகளை வைத்துக் கண்ணால் பார்க்க முடியுமா என்பதே இருவருடைய ஆராய்ச்சி. நொதி எந்த எழுத்தைச் சேர்க்கிறது என்று பார்க்க முடிந்தால் டிஎன்ஏவையே படித்துவிடலாமே, ஒரே கண்ணாடித் தகட்டில் கோடிக்கணக்கான துண்டுகளை ஒட்டிவைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்கலாமே என்பது பிறகு தோன்றியது. பீருக்கு இதில் பங்கு உண்டு. பொதுப்பணத்தில் நடந்த, பயன் என்ன என்று யாரும் அவசரப்படுத்தாத அடிப்படை ஆய்வுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

சங்கர் பாலசுப்பிரமணியன் நம் ஊர்க்காரரா?

1966-இல் சென்னையில் பிறந்தார். அடுத்த ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து போய்விட்டார். வளர்ந்தது செஷயர் பகுதியில், படித்தது அங்குள்ள பள்ளிகளிலும் கேம்பிரிட்ஜிலும். ஒரு வயதில் ஊரைவிட்டுப் போனவரின் கண்டுபிடிப்புக்குச் சென்னை உரிமை கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெருமைப்படுங்கள், தவறில்லை. ஆனால் அவரை உருவாக்கியது பிரிட்டனின் அரசுப் பள்ளியும் ஆராய்ச்சி மானியமும்.

இரண்டு பேராசிரியர்களுக்குக் கம்பெனி தொடங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

அபிங்வர்த் என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தை அணுகினார்கள். 1998 ஜூனில் சொலெக்ஸா பதிவானது. தொடக்கத்தில் வேலை பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே நடந்தது. பிறகு கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே செஸ்டர்ஃபோர்டு ஆய்வுப் பூங்காவுக்கு இடம் மாறியது. நிக் மக்கூக் தலைமை நிர்வாகியானார். 2001-இல் 1.2 கோடி பவுண்டு முதலீடு வந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மனிதனின் டிஎன்ஏ எழுத்துகள் முழுவதையும் (அந்த முழுத் தொகுப்புக்குத்தான் ஜீனோம் என்று பெயர்) படிக்கும் மனித ஜீனோம் திட்டம் உலகெங்கும் தலைப்புச் செய்தி. 13 ஆண்டுகளும் சுமார் 300 கோடி டாலரும் விழுங்கிய திட்டம் அது. ‘அதே வேலையை ஆயிரம் டாலரில் முடிக்கலாம்’ என்று அப்போது யாராவது சொன்னால் காதில் பூச்சுற்றுகிறார் என்றே நினைப்பார்கள். நினைக்காத முதலீட்டாளர்கள் சிலர் கிடைத்தது அதிர்ஷ்டம்.

கருவி எப்படித்தான் வேலை செய்கிறது? வேதியியல் தெரியாதவருக்குப் புரியுமா?

டிஎன்ஏவில் நான்கு எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இரட்டை இழையில் ஏவுக்கு எதிரே டி, ஜிக்கு எதிரே சி நிற்கும். ஒற்றை இழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டுப் பாலிமரேஸை விட்டால் அது எதிர் இழையைக் கட்டிக்கொண்டே போகும். அதன் வேகத்துக்கு நம்மால் பார்த்து எழுத முடியாது. ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள்.

நான்கு எழுத்துகளுக்கும் நான்கு நிறச் சாயம். கூடவே, அந்த எழுத்து சேர்ந்ததும் அடுத்தது சேர விடாமல் மறிக்கும் ஒரு சிறு வேதித் தொகுதி. நொதி ஓர் எழுத்தைச் சேர்க்கும், நின்றுவிடும். லேசரைப் பாய்ச்சிப் படம் எடுக்கவேண்டும். நிறத்தைப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். பிறகு ஒரு கரைசலை ஓடவிட்டுச் சாயத்தையும் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டு, அடுத்த எழுத்துக்கு வழிவிடவேண்டும். படம், கழற்றல், அடுத்த எழுத்து; இப்படியே சுற்றுச் சுற்றாக.

கேட்க எளிது. ஆனால் அந்தத் தாழ்ப்பாள் அளவில் சிறியதாக இருக்கவேண்டும், நொதி அதை ஏற்கவேண்டும், டிஎன்ஏவைச் சிதைக்காத மென்மையான நிலையில் முழுதாகக் கழறவேண்டும். நூற்றில் ஒன்று கழறாமல் நின்றாலும் இருபது முப்பது சுற்றில் படம் கலங்கிவிடும். அசைடோமெத்தில் என்ற தொகுதியைச் சொலெக்ஸாவின் வேதியியலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதை ஏற்கும்படி பாலிமரேஸையும் மாற்றியமைத்தார்கள். என் கணக்கில் கம்பெனியின் உண்மையான சொத்து இதுதான். பப் கதைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வேதியியலுக்குக் கிடைக்கவில்லை.

துண்டு துண்டாகப் படித்தால் முழு ஜீனோம் எப்படிக் கிடைக்கும்?

நல்ல கேள்வி. அன்று பலர் உதட்டைப் பிதுக்கியதும் இதைச் சொல்லித்தான். ஃபிரெட் சாங்கர் என்ற விஞ்ஞானி வகுத்த பழைய முறையில் ஒரே தடவை எழுநூறு, எண்ணூறு எழுத்துகள் படிக்கலாம். சொலெக்ஸாவின் முதல் கருவியோ முப்பது சொச்சம் எழுத்துகளிலேயே மூச்சு வாங்கிவிடும்.

ஆனால் ஒரு பாட்டை மனப்பாடமாக அறிந்தவரிடம் நடுவிலிருந்து நான்கு சீர் சொன்னால் போதும், எந்தப் பாட்டு, எத்தனையாவது அடி என்று சொல்லிவிடுவார். 2003-க்குள் மனித ஜீனோமின் மாதிரிப் பிரதி எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்துவிட்டது. துண்டுகளை அதன்மேல் பொருத்திப் பார்த்தால் போதும். பொதுப்பணத்தில் எழுதப்பட்ட அந்தப் பிரதி இல்லாதிருந்தால், முப்பது எழுத்துத் துண்டுகள் கோடிக்கணக்கில் இருந்தும் குப்பைதான்.

அப்படியானால் எல்லாம் கேம்பிரிட்ஜின் கண்டுபிடிப்புதானா?

இல்லை. விருதுச் செய்திகளில் அடிக்கடி விடுபடுவது இந்தப் பகுதிதான்.

சொலெக்ஸா முதலில் நினைத்தது ஒற்றை மூலக்கூறைப் படிப்பது. தகட்டில் ஒரு புள்ளிக்கு ஓர் இழை. தனி மின்மினிபோல அதன் ஒளி மிக மங்கல், பிடிப்பது பெரும்பாடு. அதே நேரத்தில் சுவிட்சர்லாந்தில் பாஸ்கல் மாயர் என்பவரும் அவருடைய சகாக்களும் வேறொன்றைச் செய்துவைத்திருந்தார்கள்: தகட்டில் ஒட்டிய ஒவ்வோர் இழையையும் அந்த இடத்திலேயே பலநூறு நகல்களாகப் பெருக்கி ஒரு கொத்தாக ஆக்குவது. ஜெனீவாவில் கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் தொடங்கிய வேலை அது. பின்னர் மாண்டியா என்ற சிறு கம்பெனியின் கையில் இருந்தது. 2004-இல் சொலெக்ஸா அந்தத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கியது. ஒரு மின்மினி இருந்த இடத்தில் ஒரு கூட்டம். சாதாரண கேமராவுக்கே தெரிகிற வெளிச்சம்.

தன் தாய் யோசனையைத் தானே கைவிட்டு, பிறர் யோசனையைக் காசு கொடுத்து வாங்க ஒரு கம்பெனிக்கு மனம் வருவது அபூர்வம். சொலெக்ஸா பிழைத்தது அந்த மனத்தால். ஒற்றை மூலக்கூறு வழியிலேயே பிடிவாதமாகப் போன அமெரிக்கக் கம்பெனி ஹெலிகோஸ் 2012-இல் திவாலானது.

மாயருக்கு உரிய இடம் தாமதமாகவாவது கிடைத்தது. 2022-க்கான பிரேக்த்ரூ பரிசைச் சங்கர், கிளெனர்மன், மாயர் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

முதன்முதலில் எதைப் படித்துக் காட்டினார்கள்?

ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸை. பாக்டீரியாவைத் தாக்குவது, ஏறத்தாழ 5,400 எழுத்துகளே கொண்ட சின்னஞ்சிறு ஜீனோம். இதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு மரியாதையும் இருக்கிறது. 1977-இல் அதே கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கர் குழு முழுதாகப் படித்த முதல் டிஎன்ஏ ஜீனோம் அதுதான். 2005-இல் சொலெக்ஸா அதை மறுபடி படித்தபோது ஒரே ஓட்டத்தில் 30 லட்சம் எழுத்துகளுக்கு மேல் கிடைத்தன.

லிங்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி நடுவில் எங்கிருந்து வந்தது?

சொலெக்ஸாவிடம் வேதியியல் இருந்தது. கருவி கட்டி விற்ற அனுபவமும் அதற்கு வேண்டிய பணமும் இல்லை. கலிஃபோர்னியாவின் ஹேவர்டு நகரில் லிங்க்ஸ் தெரப்யூடிக்ஸ் என்ற கம்பெனி இருந்தது. 1992-இல் தொடங்கியது, நோபல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னரின் யோசனையில் உருவான டிஎன்ஏ முறை அதனிடம் இருந்தது. நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தாலும் கையில் காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது.

2005-இல் இரண்டும் இணைந்தன. சட்டத்தின் கண்ணில் லிங்க்ஸ்தான் சொலெக்ஸாவை வாங்கியது. நடைமுறையில் பெரும்பங்கு சொலெக்ஸாக்காரர்கள் கைக்குப் போனது, பெயரும் சொலெக்ஸா என்றே ஆனது. தலைகீழ் இணைப்பு என்பார்கள்: இருக்கிற வீட்டுக்குள் குடியேறி வாசலில் நம் பெயர்ப்பலகையை மாட்டிவிடுவது. புதிய பங்கு வெளியிடும் நீண்ட சடங்கு இல்லாமலே நாஸ்டாக்கில் இடம், கருவி கட்டத் தெரிந்த பொறியாளர்கள், கலிஃபோர்னியாவில் ஒரு கூடாரம் எல்லாம் ஒரே அடியில் கிடைத்தன. அதற்குமுன் 2004-இல் தலைமை நிர்வாகியாக வந்திருந்த ஜான் வெஸ்ட், இத்துறையின் அன்றைய ஜாம்பவானான அப்ளைடு பயோசிஸ்டம்ஸில் இருந்தவர்.

‘பிரிட்டன் சொலெக்ஸாவை இழந்தது’ என்று பேசுகிறவர்கள் 2007-ஐத்தான் குறிப்பிடுவார்கள். என் பார்வையில் பாதி இழப்பு 2005-லேயே நடந்துவிட்டது. இல்லுமினா வாங்கியபோது சொலெக்ஸா ஏற்கெனவே அமெரிக்கப் பங்குச் சந்தையில் விலைபோகும் ஓர் அமெரிக்கக் கம்பெனி.

இல்லுமினா ஏன் வாங்கியது? எவ்வளவுக்கு?

2006 நவம்பரில் அறிவிப்பு, 2007 ஜனவரி 26-இல் முடிவு. மதிப்பு சுமார் 60 கோடி டாலர். ரொக்கம் இல்லை, சொலெக்ஸாவின் ஒரு பங்குக்கு 14 டாலர் மதிப்புள்ள இல்லுமினா பங்குகள். ஒப்பந்தம் முடியும்வரை சொலெக்ஸா தாக்குப்பிடிக்க 5 கோடி டாலரைத் தனி முதலீடாகவும் இல்லுமினா போட்டது.

இல்லுமினாவும் 1998-இல் தொடங்கிய கம்பெனிதான். சான் டியேகோவைச் சேர்ந்தது. நுண்மணிகள் பதித்த சில்லுகளைச் செய்து விற்றது. ஜீனோமில் எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று அந்தச் சில்லுகள் சொல்லும். ஆனால் எந்தெந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். முழு ஜீனோமையும் மலிவாகப் படிக்கும் கருவி வந்துவிட்டால் சில்லு வியாபாரம் ஆட்டம் காணும். தலைமை நிர்வாகி ஜே ஃபிளாட்லிக்கு அது தெரிந்திருந்தது. 2006-இல் இல்லுமினாவின் மொத்த வருவாயே சுமார் 18 கோடி டாலர்தான். அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து, விற்பனையை அப்போதுதான் தொடங்கிய ஒரு கருவியை வாங்குவது சூதாட்டம் என்று சந்தையில் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை.

விளைவு? கொஞ்ச காலத்தில் வாங்கிய கம்பெனியே வாங்கப்பட்டதைப்போல மாறிப்போனது. இன்று இல்லுமினா என்றால் சில்லு யாருக்கும் நினைவு வருவதில்லை, டிஎன்ஏ படிப்பதுதான் நினைவு வருகிறது. 2021-இல் அதன் வருவாய் சுமார் 450 கோடி டாலர்.

அப்படியானால் 60 கோடிக்கு விற்றது ஏமாளித்தனம் அல்லவா?

கதை முடிந்தபின் கணக்குப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2006-இல் நிலவரம் வேறு. போட்டியாளரான 454 லைஃப் சயின்சஸ் 2005-லேயே கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்ளைடு பயோசிஸ்டம்ஸும் தன் பங்குக்கு ஒரு சிறு கம்பெனியை வாங்கித் தயாராகிக்கொண்டிருந்தது. உலகெங்கும் கருவி விற்கவும் பழுது பார்க்கவும் ஆள்படை சொலெக்ஸாவிடம் இல்லை, இல்லுமினாவிடம் இருந்தது. தனியாக நின்றிருந்தால் வென்றிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 454-ஐ ரோஷ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனம் 2007-இல் சுமார் 15.5 கோடி டாலருக்கு வாங்கி, சில ஆண்டுகளில் இழுத்து மூடிவிட்டது. இதுவும் கையகப்படுத்தல்தான். அதோடு, பணத்துக்குப் பதில் இல்லுமினா பங்குகளைப் பெற்று விடாமல் வைத்திருந்தவர்கள் ஏமாளிகள் அல்ல.

விற்றபின் என்ன சாதித்தார்கள்?

2008 நவம்பர் 6 தேதியிட்ட ‘நேச்சர்’ அறிவியல் இதழைச் சொன்னால் போதும். நைஜீரியாவின் இபடான் நகரைச் சேர்ந்த யொருபா இனத்து ஆண் ஒருவரின் முழு ஜீனோமை, டேவிட் பெண்ட்லி தலைமையில் சொலெக்ஸா குழு வெளியிட்டது. அதே இதழில் சீனக் குழு ஒன்று ஓர் ஆசியரின் ஜீனோமையும், அமெரிக்கக் குழு ஒன்று ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் ஜீனோமையும் வெளியிட்டன. மூன்றுக்கும் அதே வகைக் கருவி. அதே ஆண்டு ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழு, கர்ப்பிணியின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவை இந்தக் கருவியில் எண்ணிப் பார்த்தே குழந்தைக்கு டவுன் நோய்க்குறி உண்டா என்று சொல்ல முடியும் எனக் காட்டியது. வயிற்றில் ஊசி குத்த அஞ்சிய பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலையைப் பாருங்கள். ஒரு மனித ஜீனோமைப் படிக்க 2001-இல் சுமார் 10 கோடி டாலர். 2015 முடிவில் 1,500 டாலருக்கும் கீழே.

அப்படியானால் பிரிட்டனுக்கு இழப்பே இல்லையா?

இருக்கிறது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. பிரிட்டனில் இப்படி வாதாடுகிறவர்கள் நிறைய. லாபமும் தலைமையகமும் முடிவெடுக்கும் மேசையும் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. 2012-இல் அரசு அறிவித்து, 2018-இல் முடித்த ஒரு லட்சம் ஜீனோம் திட்டத்துக்குக் கேம்பிரிட்ஜில் பிறந்த தொழில்நுட்பத்தை அமெரிக்கக் கம்பெனியிடம் காசு கொடுத்துப் பெறவேண்டியிருந்தது. இதைவிடக் கசப்பான ரசீது வேண்டுமா?

மறுபக்கம், வேலைகள் போகவில்லை. இல்லுமினா கேம்பிரிட்ஜ் அருகே கிராண்டா பார்க்கில் பெரிய மையம் நடத்துகிறது. சொலெக்ஸாவில் மென்பொருள் பார்த்த கிளைவ் பிரவுன் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரானார்; அது 2021-இல் லண்டன் பங்குச் சந்தையிலேயே இறங்கியது. என்னைக் கேட்டால், குறை விற்றவர்களிடம் இல்லை. பத்தாண்டு பொறுமையோடு பணம் போட லண்டன் சந்தையில் ஆளில்லை என்பதுதான் குறை.

ஒரே கம்பெனி இவ்வளவு பெரிதாவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதைப் பலர் கண்டுகொண்டார்கள். 2012-இல் ரோஷ் இல்லுமினாவையே விழுங்கப் பார்த்துத் தோற்றது. பிறகு இல்லுமினா பிறரை விழுங்கப் பார்த்தது. டிஎன்ஏ படிக்கும் கருவி செய்யும் இன்னொரு கம்பெனியான பசிபிக் பயோசயன்சஸை வாங்கும் முயற்சி, பிரிட்டன், அமெரிக்கா இரு நாட்டுப் போட்டி ஆணையங்களின் எதிர்ப்பால் 2020 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. புற்றுநோயை ரத்தத்தில் கண்டறியும் கிரெயில் கம்பெனியை ஐரோப்பிய ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திராமல் 2021-இல் வாங்கி, நீண்ட வழக்குகளுக்குப் பின் 2024-இல் பிரித்துவிட்டது. வாங்குவதில் கைராசி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது போலும். தாழ்ப்பாள் வேதியியலின் முக்கியக் காப்புரிமைகளும் 2022-ஐ ஒட்டிக் காலாவதியாகத் தொடங்க, சீனத்து எம்ஜிஐ உட்படப் போட்டியாளர்கள் கடைவிரித்துவிட்டார்கள்.

நிறுவனர்கள் இப்போது?

இருவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களாகவே தொடர்ந்தார்கள். சங்கருக்கு 2017-இலும் கிளெனர்மனுக்கு 2019-இலும் சர் பட்டம். 2020-க்கான மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு இருவருக்கும். சங்கர் 2012-இல் இன்னொரு கம்பெனியையும் தொடங்கினார்: கேம்பிரிட்ஜ் எபிஜெனிடிக்ஸ், இன்றைய பெயர் பயோமோடல்.

சொலெக்ஸா என்ற பெயர் எங்காவது மிஞ்சியிருக்கிறதா?

கருவிகளின் மேல் இல்லை. ஆனால் டிஎன்ஏ தரவுகளைச் சேமிக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பு வகையின் விளக்கங்களைப் புரட்டினால், ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்று குறிக்கும் பழைய மதிப்பெண் முறை ஒன்று ‘சொலெக்ஸா’ என்ற பெயரிலேயே நிற்கும். பழைய தரவைத் திறக்கும் மாணவர்கள் இன்றும் அதில் ஒருமுறை தடுக்கி விழுகிறார்கள். ஃபை-எக்ஸ் 174 வைரஸும் ஓய்வுபெறவில்லை. கருவி சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க, இல்லுமினா ஆய்வகங்களில் அதன் டிஎன்ஏவை ஒரு சொட்டு இன்றும் கலந்துதான் ஓட்டுகிறார்கள்.